அத்தான் அக்காவிடம் பேசுவதில்லை

அக்கா வந்த அன்று எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மாடியும் படியேறி வந்திருக்கிறாள். கதவைத் திறந்தேன். மூச்சிரைக்க நின்றவள், "முதல்ல தண்ணி கொடு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். கேள்வி கேக்காதே" என்றாள்.

கேள்வி கேட்பதுதான் என் வேலை. ஜார்ஜ் டவுனில் ஒரு இடைநிலைப் பள்ளியில் கவுன்சலிங் டீச்சராக இருக்கிறேன். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், வீட்டில் சண்டை என்று அழும் பிள்ளைகள், படிவம் நான்கில் அறிவியல் எடுப்பதா கணக்கியல் எடுப்பதா என்று முழிக்கும் பிள்ளைகள் எல்லாரும் என் அறைக்குத்தான் வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜெலுத்தோங் பக்கம் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். எங்களுக்கு மூத்தவர் அண்ணன், செபராங் ஜெயாவில் குடும்பத்தோடு இருக்கிறார். அப்பா அம்மா இப்போது இல்லை.

அக்கா கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் வாழ்க்கைப்பட்டவள். அதுவரைக்கும் அவள் தனியாக ஜார்ஜ் டவுன் இருக்கும் இந்தத் தீவுக்கு வந்ததே கிடையாது. எங்கே போவதென்றாலும் அத்தான்தான் தன் காடியை ஓட்டிக் கூட்டி வருவார். அன்று பஸ் பிடித்து பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரி ஏறி, ஜெட்டியிலிருந்து இன்னொரு பஸ் எடுத்து வந்திருந்தாள். "வழி கேட்டுக் கேட்டு வந்துட்டேன்லா" என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

மதியச் சமையலுக்கு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். மேசையில் பழைய பேப்பரை விரித்து, எதிரெதிரே உட்கார்ந்து, தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவளாகவே சொன்னாள்.

"உங்க அத்தான் என்கிட்ட பேசுறதில்ல."

ஏதோ சண்டை என்று நினைத்தேன். "எத்தனை நாளா?"

"போன வருஷம் தைப்பூசத்துக்கு முன்னாடி இருந்து."

இந்த வருடத் தைப்பூசமும் முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகமாக இருந்தது. ஏனென்றால் அந்த இடைப்பட்ட காலத்தில் அவர்கள் இருவரையும் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கல்யாண வீடுகளுக்குச் சேர்ந்துதான் வந்தார்கள். அத்தான் எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். அக்காவுக்குப் பந்தியில் இடம் பிடித்துக்கூட வைத்தார். அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. யார் கண்ணிலும் படவில்லை.

அக்கா கல்யாணத்துக்கு முன் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். கல்யாணமானதும் அத்தானுக்கு அது பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். ஒரே மகன் படிப்புக்காகத் தெற்குக் கோடியில் ஜொகூருக்குப் போனபின் வீடு வெறிச்சோடிப் போயிற்று. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் புதிதாகத் திறந்த பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டு, அத்தானிடம் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். அத்தான் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்பவர். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. சாயங்காலத்துக்குள் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்து, 'போனியா?'ன்னு கேட்டாரு. 'போனேன், எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னேன். 'சரி'ன்னாரு. அதான் கடைசி. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

"நீ வேலைக்குப் போனியா?"

"எங்க போனேன்? கோவம் தணியட்டும்னு ரெண்டு நாள்லயே வேணாம்னு சொல்லிட்டேன். அப்பவும் பேசல."

சாப்பாடு மேசையில் இருந்தால் சாப்பிடுவாராம். பாசாரிலிருந்து மீன் வாங்கி வந்து தொட்டியில் போட்டுவிட்டுப் போவாராம். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போயிருக்கிறார். அவசியம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜொகூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்வார். "நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும், அம்மாகிட்ட சொல்லு." மகன் உடனே அம்மாவைக் கூப்பிடுவான். அப்பா கூடத்தில், அம்மா அடுப்படியில். நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்ட வேண்டிய பேச்சு ஜொகூர்வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அடிப்பாரா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"குடி?"

"தெரியாதா உனக்கு? கோயில் கமிட்டில இருக்காரு."

"வேற யாராச்சும்…"

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நீயும் இதத்தான் கேக்குற. ஆமான்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல பாப்பா. அதான் என் கஷ்டமே. யார்கிட்ட போய் என்னன்னு சொல்ல?" பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவ. எத்தனையோ பேருக்குச் சொல்றியே. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

எங்கள் படிப்பில் முதலில் கற்றுக்கொடுப்பது, யாருக்கும் புத்தி சொல்லாதே என்பதுதான். கேட்க வேண்டும். அவர்களே முடிவுக்கு வர வழிவிட வேண்டும். பல வருடப் பழக்கத்தில் வாய் தானாக அதையே சொன்னது. "உனக்கு என்ன தோணுது அக்கா?"

கையிலிருந்த நெத்திலியைப் பேப்பரில் எறிந்தாள். "அந்த ஸ்கூல் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம்."

அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் இரண்டு வருட மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நானே விண்ணப்பித்து, நேர்காணலுக்கும் போய் வந்த படிப்பு. பதில் சொல்ல மூன்று மாதம் தவணை. கிடைத்த நாளிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். முப்பத்தெட்டு வயதில் மறுபடி மாணவி, புது ஊர், வாடகை அறை. இங்கே எனக்கு எல்லாம் பழகிவிட்டது. என் அறை, என் பிள்ளைகள், வாசலில் என்னைத் தெரிந்த காவலாளி. அக்கா வந்து கதவைத் தட்டியதும், அவள் இருக்கும் நிலையில் நான் எப்படிப் போவது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்கு நிம்மதியாக இருந்தது. படிப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் என்றவள் திரும்பிப் போகவில்லை. அண்ணன் போன் செய்ய ஆரம்பித்தார். முதலில் அக்காவுக்கு, அவள் எடுக்கவில்லை என்றதும் எனக்கு. "நீதான் அவள ஏத்தி விடுறியா?" என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரையும் செபராங் ஜெயாவில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றார்.

நாங்கள் போனபோது அத்தான் முன்னமே வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எப்போதும்போல, "பாப்பா, காடிக்கு டயர் மாத்துனியா? மழைக்காலம் வருது" என்றார். எனக்குக் காடி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அப்பா இறந்தபோது விடுதியிலிருந்து என்னைக் கூட்டிவர வந்ததும் அவர்தான். வழியெல்லாம் ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். அவரை வெறுத்துவிட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மாற்றிவிட்டேன் அத்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. மகனும் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். இருபது வயதுப் பையன், கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணிதான் ஆரம்பித்தார். "உங்க அண்ணன் மட்டும் என்கிட்ட வாயத் திறந்து பேசுறாரா? பந்து விளையாட்டு இருந்தா நான் செத்துக் கிடந்தாலும் தெரியாது. அதுக்காக நான் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேனா?"

"அவரு சுபாவம் அப்படி," என்றார் அண்ணன். "நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். இந்த வயசுல வேலைக்குப் போயி என்ன சாதிக்கப் போற? பையனுக்கு நாளைக்குப் பொண்ணு பாக்க வேணாமா?"

"அண்ணே, பிரச்சினை வேலை இல்ல…" என்று நான் தொடங்கினேன்.

"நீ சும்மா இரு. குடும்பம் நடத்திப் பாத்தவங்க பேசட்டும்."

அக்கா அதுவரை குனிந்தே இருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தெளிவாகச் சொன்னாள்.

"அண்ணே, நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அவர என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க. இந்த நிமிஷமே எந்திரிச்சு அவரு பின்னாடி போறேன்."

எல்லாரும் அத்தானைப் பார்த்தோம். அவர் முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பி, "மச்சான், நான் ஒரு குறையும் வைக்கல" என்றார்.

அண்ணன் அக்காவைப் பார்த்துச் சொன்னார். "கேட்டியா? ஒரு குறையும் வைக்கலையாம்."

கதவோரத்திலிருந்து மகன் சிரித்தான். "மாமா, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "என்னடா?"

"இதத்தான் நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து செய்றேன் மாமா. அப்பா சொன்னத அம்மாகிட்ட, அம்மா சொன்னத அப்பாகிட்ட. அப்பல்லாம் ஒரு வாரம், பத்து நாள்ல சரியாயிடும். இப்ப கிளாஸ்ல இருக்கும்போதுகூட போன் வருது. என் ஃபிரண்டுங்க கேக்குறாங்க, உங்க வீட்டுல எல்லாரும் ஒரே வீட்டுலதானே இருக்காங்கன்னு." அவன் எழுந்து அப்பாவின் முன்னால் வந்து நின்றான். "அப்பா, உங்களுக்கு என்கூடப் பேசணும்னா எப்ப வேணா கூப்பிடுங்க. அம்மாகிட்ட சொல்லுன்னு மட்டும் கூப்பிடாதீங்க. அம்மா, உங்களுக்கும்தான் சொல்றேன். என்னால முடியலலா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது அத்தானுக்காக அழுத அழுகை இல்லை. மகனை நடுவில் நிறுத்தியதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவள் பின்னால் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்ற எண்ணம் அவளுக்கு அதுவரை இருந்ததாம். திரும்பிப் போனால் அவன் மறுபடி அந்த வேலைக்கு வந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்ததாம்.

பேச்சு அதோடு கலைந்தது. அத்தான் எழுந்து காடிச் சாவியை எடுத்தார். மகனிடம், "பஸ் எத்தனை மணிக்கு? நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார். அவன் மறுக்காமல் பையை எடுத்துக்கொண்டு கூடவே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காடிக்குள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டுதான் போனார்கள்.

மறுநாளே அக்கா வேலை தேட ஆரம்பித்தாள். பாலர் பள்ளிகளில் இப்போது சான்றிதழ் கேட்கிறார்கள். அவளுடைய பழைய அனுபவத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு மூன்று இடங்களில் இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்து சோபாவில் சுருண்டு படுத்தாள். சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளியின் மகள் எங்கள் பள்ளியில் படித்தவள். கல்லாவில் உட்கார ஆள் தேடுகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். உடனே சரி என்றுவிட்டாள்.

முதல் வாரங்கள் அவளுக்குக் கொடுமையாக இருந்தன. காலையில் ரொட்டி சானாய்க்குக் கூட்டம் முட்டும். பொங்குஸ் கட்டி வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம். மலாய், ஹொக்கியன், வெள்ளைக்காரர்களின் இங்கிலீஷ் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். சில்லறையை மாற்றிக் கொடுத்துவிட்டு முழிப்பாள். கால் வீங்கி வீட்டுக்கு வந்து, வாளியில் சுடுதண்ணீர் ஊற்றிக் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் பேசினாள். வந்தவர் போனவர், சமையல்காரருக்கும் ரொட்டி போடுபவருக்கும் நடந்த தகராறு, தினமும் ஒரே மேசையில் உட்காரும் சீனத் தாத்தா என்று நிறுத்தாமல் பேசினாள். நான் பள்ளியில் நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்து வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். எத்தனை மாதப் பேச்சு உள்ளே தேங்கியிருக்கிறது என்று நினைத்துப் பொறுத்துக்கொள்வேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை அக்காவின் கடைக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கூட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அலுவலக உடையில் அத்தான் உள்ளே வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. தூண் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பரிமாற வந்தவரிடம் பாலில்லாத தே ஓ கேட்டு வாங்கிக் குடித்தார். அக்கா கல்லாவில் இருந்தபடி அவரைப் பார்த்துவிட்டாள். ஆட்கள் நீட்டிய பில்லை வாங்கிக்கொண்டேயிருந்தாள்.

அத்தான் எழுந்து கல்லாவுக்கு வந்தார். அக்காவுக்கு நேர் எதிரே நின்றார். பக்கத்தில் முதலாளி பாய் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அத்தான் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாய், வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"யாரங்க?"

"இவங்கள."

பாய் அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அக்கா எங்கள் வீட்டுக் கதையை அவரிடம் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. குவளைகளைக் கீழே வைத்தார். "அண்ணே, அவங்க உங்க முன்னாலதானே நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்களேன்."

அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. நெற்றியில் வியர்வை. நான் பாதி எழுந்து, அப்படியே நின்றுவிட்டேன். அதுவரைக்கும் அவர் வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறார், அவளைத் தண்டிக்கிறார் என்று நினைத்திருந்தேன். பேச நினைத்தும் பேச முடியாத ஓர் ஆளை அப்போதுதான் பார்த்தேன். என் அறைக்கு வரும் சில பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள்.

அக்கா காத்திருந்தாள். அவர் பின்னால் பொட்டலத்தோடு இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் இருமினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அக்கா மெதுவாக. "ஆளுங்க காத்திருக்காங்க."

அவர் தள்ளி நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். வரிசையில் நின்றவர்களை அனுப்பிவிட்டு, அக்கா பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன். பாயும் வந்து, "இன்னிக்கு வீட்டுக்குப் போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"வேணாம் பாய். வீட்டுக்குப் போனா அழுதுருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் பெரிய சண்டை. யாருக்கும் புத்தி சொல்லாதவள் அன்று நிறையச் சொன்னேன். அத்தானுக்கு உதவி தேவை, இது வெறும் திமிர் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரைப் போய்ப் பார்க்கலாம், எனக்குத் தெரிந்த நல்ல ஆலோசகர் இருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன்.

"இப்ப அவருக்காகப் பேசுறியா?" என்றாள்.

"உனக்காகத்தான் பேசுறேன்! உனக்காக என் படிப்பையே வேணாம்னு சொல்லப் போறேன், தெரியுமா?"

வாயிலிருந்து அப்படித்தான் வெளியே வந்தது. எந்தப் படிப்பு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவள் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னைச் சாக்கா வச்சுக்காதே பாப்பா. போகப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அக்காவுக்காக இருந்தேன்னு மட்டும் சொல்லாதே. அப்புறம் நீ மூஞ்சியத் தூக்கி வைக்கும்போதெல்லாம் நான் அதையே நெனச்சுக்கிட்டு கிடக்கணும். அப்படி ஒரு வீட்டுலேர்ந்துதான் வந்திருக்கேன்."

"பயமாத்தான் இருக்கு," என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். அதோடு எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவளிடம் சொல்லிவிட்டே கெப்பாலா பத்தாஸுக்குப் போனேன். "போ, ஆனா என்ன சொன்னாருன்னு வந்து எனக்குச் சொல்லாதே" என்றாள். அத்தான் கதவைத் திறந்து, வா பாப்பா என்று உட்கார வைத்தார். வீடு சுத்தமாக இருந்தது. சோறு வடிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். காடி, பள்ளிக்கூடம், கோயில் திருப்பணி என்று எல்லாம் பேசினார். அக்கா என்ற சொல்லை நான் எடுத்ததும் எழுந்து போய்த் தேநீர் போட ஆரம்பித்துவிட்டார். அடுப்படி வாசலில் நின்றபடி, அவர் முதுகைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. ஆலோசகரைப் பற்றிச் சொன்னேன். ஆண்தான், தமிழிலேயே பேசலாம், யாருக்கும் தெரியாது என்றேன்.

"நான் என்ன பைத்தியமா பாப்பா?"

"இல்ல அத்தான். பைத்தியக்காரங்கதான் போகணும்னு இல்ல. நான்கூடப் போயிருக்கேன்."

அவர் தேநீரை ஆற்றி என் கையில் கொடுத்தார். கிளம்பும்போது கேட்டைத் திறந்துவிட வந்தார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆரம்பத்துல கோவம்தான்," என்றார். "இவ என்னைக் கேக்காம போயிட்டாளேன்னு. அப்புறம் கோவம் போயிடுச்சு. ஆனா எதச் சொல்லி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நாள் ஆக ஆக என்ன சொன்னாலும் பத்தாதுன்னு தோணுது." பிறகு அவசரமாக, "இத அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

"இத நீங்கதான் அக்காகிட்ட சொல்லணும் அத்தான். இதையே சொல்லலாம்."

தலையாட்டினார். என்ன அர்த்தத்தில் ஆட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைகள் நெஞ்சில் பாரமாக இருந்தன. அக்கா கேட்க மாட்டேன் என்கிறாள், அத்தான் சொல்லாதே என்கிறார். மகன் இறக்கி வைத்த சுமையை நான் எடுத்துச் சுமக்கக் கூடாது என்பதும் தெரிகிறது. அதே சமயம் அந்த நாலு வரி தெரிந்தால் அவளுக்கு ஏதாவது மாறுமோ என்றும் தோன்றுகிறது. என்னிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது என் தொழில். அன்று நான் அங்கே தொழிலுக்காகப் போகவில்லை. இதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது படிப்புக்குச் சம்மதம் தெரிவித்தேன். இப்போது கோலாலம்பூரில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். ஆரம்பத்தில் பாதி நாள் திரும்பி வந்துவிடலாமா என்றுதான் இருந்தது. இன்னும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. ஜெலுத்தோங் வீட்டில் அக்கா இருக்கிறாள். காலையில் கடை, வாரக் கடைசியில் பாலர் பள்ளி ஆசிரியைக்கான வகுப்பு. அவளுக்கு இரத்த அழுத்தம் வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். அண்ணன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. விவாகரத்தா என்று ஊரில் கேட்கிறார்கள். அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்தத் தீபாவளிக்கு நான் வந்திருந்தேன். மகன் காலையில் அப்பாவோடு கோயிலுக்குப் போய், அவரோடு சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் எங்களிடம் வந்தான். அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆட்டுக்கறியைச் சூடாக்கிப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. திரையில் அத்தானின் எண்ணைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் மட்டும் எங்களுக்கே லேசாகக் கேட்டது. மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். நானாக இருந்தால் எப்போதோ வைத்திருப்பேன். கீழே பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திக் கூச்சல் போட்டார்கள், அது அடங்கி மறுபடியும் தொடங்கியது. அவள் அப்படியே நின்றாள்.

"சரி, வச்சிடுறேன். சாப்பிட்டீங்கள்ல?" என்றாள் கடைசியில். இன்னும் ஒரு மூச்சு நேரம் பார்த்துவிட்டு வைத்தாள்.

மகனுக்கு இன்னும் இரண்டு துண்டு கறி போட்டாள். அவன் போதும்மா என்றான். அடுப்படிக்குப் போனவள் பின்னால் நானும் போனேன். சட்டியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தா பேசியிருப்பாரோ?"

அத்தான் தன் வீட்டுக் கேட் பக்கத்தில் நின்று சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மகன் ஜொகூருக்கு எடுத்துப்போக மீதிக் கறியை டப்பாவில் போடச் சொன்னாள். நான் மூடி எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.